எதிர்ச்சுற்று

எங்கள் ஊரில் மண்டபத்தில் ஏறிச் சொன்ன சொல்லை மண்டபத்தில் ஏறித்தான் திரும்ப எடுக்க முடியும். வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கலாம். மெஸ்கால் குடித்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழலாம். அதெல்லாம் இருவருக்குள் முடிகிற விஷயம். சதுக்கத்தின் நடுவில், எட்டுத் தூண்களும் தகரக் கூரையும் உள்ள அந்த மேடையில், பேண்டுக்காரர்கள் பின்னால் எழுந்து நிற்க ஒருவர் ஒன்றைச் சொல்லி, கீழே நிற்கும் ஊர் "கேட்டோம்" என்று வாங்கிக்கொண்டால் அது ஊரின் சொல்லாகிவிடுகிறது. பக்கத்து ஊரோடு எங்கள் எல்லைக் கல் எந்த ஓடையோரம் நிற்கிறது என்பதற்கு எங்களிடம் உள்ள பெரிய சாட்சி, என் அப்பா பிறப்பதற்கு முன்பு யாரோ அங்கே நின்று சொன்னதுதான்.

பேண்டில் நான் இரண்டாவது கிளாரினெட். என் நாற்காலி படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. மேலே ஏறி வருகிறவர்களின் மூச்சு முதலில் எனக்குத்தான் கேட்கும். சென்ற ஆண்டுத் திருவிழா முடிந்த மறுவாரம், ஊரே மரியாதையாகத் தோன் போட்டு அழைக்கும் அபுந்தியோ ஏறி வந்தபோதும் அப்படித்தான். கனத்த மூச்சு. ஆனால் குரலில் சந்தேகமே இல்லை.

"புது பொம்பார்தீனோவ ஃபாவுஸ்தோதான் எடுத்திருக்கான்" என்றார்.

பொம்பார்தீனோ, மடியில் வைத்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். வடக்கே வேறு நாட்டுக்குப் போய் வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கி அனுப்பியது. வாத்தியங்களை மண்டபத்துக்கு அடியில் உள்ள அறையில் பூட்டி வைப்போம். ஒரு சாவி, அந்தக் குழலை ஊதுகிற ஃபாவுஸ்தோவிடம். இன்னொன்று, அப்போது சதுக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த தோன் அபுந்தியோவிடம். திருவிழாக் களைப்பெல்லாம் தீர்ந்து அறையைத் திறந்தால் குழலைக் காணோம். பூட்டு அப்படியே இருந்தது.

"கேட்டோம்" என்றது ஊர். என் குரலும் அதில் இருந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. ஜெபத்தின் முடிவில் ஆமென் வருவதுபோல அதுவாக வாயிலிருந்து வந்துவிடும்.

ஃபாவுஸ்தோ இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி, பேண்டு மாஸ்டர் லீபோரியோவின் இசைத்தாங்கியில் மாட்டிவிட்டு, என்னைக் கடந்து படியிறங்கிப் போனான். அதன்பிறகு அவன் சதுக்கத்துக்கு வரவில்லை. புனிதரின் பல்லக்கைத் தூக்க அவன் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஊர்வேலைக்கு மட்டும் கூப்பிட்டார்கள். கல் சுமக்கத் திருடனும் ஆகும்.

குழல் தவக்காலத்தில் திரும்பி வந்தது. சந்தை நாளில், தலைநகர் பஸ்ஸின் கூரைமேல், சாக்கில் சுற்றிக் கட்டி. டிரைவர் அதை இறக்கிக்கொண்டே சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"தோன் அபுந்தியோ! திருவிழா அன்னைக்கு ஏத்திவிட்டீங்களே, வால்வு ஒட்டுதுன்னு, இந்தாங்க! ரிப்பேர்க்காரர் சும்மா இழுத்தடிச்சிட்டாரு. அன்னைக்கு நீங்க இருந்த இருப்புக்கு, என்ன ஏத்தினீங்கன்னே உங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்!"

தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றிருந்த தோன் அபுந்தியோவின் முகத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பொய்யர் இல்லை. நிஜமாகவே மறந்திருந்தார். குடித்த நாளில் தானே அனுப்பிவிட்டு, மறந்து, தெளிந்த நாளில் இன்னொருவன் பெயரைச் சொல்லிவிட்டார். அதற்குள் அவர் ஊர்த்தலைவராகவும் ஆகியிருந்தார்.

ஃபாவுஸ்தோ திருடவில்லை என்பது அன்று மாலைக்குள் கைக்குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் எதுவும் மாறவில்லை. மேலே சொன்னது மேலேயே நின்றது. குழலை மாஸ்டர் லீபோரியோ துடைத்து, ஃபாவுஸ்தோவின் நாற்காலியில் உட்காரவைத்தார். ஞாயிறுதோறும் அது என் வலப்பக்கத்தில் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும். வேறு யாரும் அதைத் தொடவில்லை.

ஃபாவுஸ்தோவுக்கு ஒரே அக்கா, காசில்தா. எங்கள் தெருமுனையில் மாவு மில் நடத்துகிறாள். காலையில் ஊர்ப்பெண்கள் அத்தனை பேரும் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வரிசையில் நிற்போம். பஸ் வந்து சில நாள் கழித்து அந்த வரிசையைக் கடந்து தோன் அபுந்தியோ உள்ளே வந்தார். கையில் கால் கட்டிய ஒரு வான்கோழி.

காசில்தா அவருடைய மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் ஆணைக் கொம்பாத்ரே என்றும் பெண்ணைக் கொமாத்ரே என்றும் அழைப்போம். எங்களுக்கு அது ரத்த உறவைவிட ஒரு படி மேல்.

"கொமாத்ரே, கோபம் போதும்" என்றார். "இந்தா, இத வச்சு நல்லா காரமா மோலே குழம்பு பண்ணு. நானும் வீட்டுக்காரி நியேவெசும் வர்றோம். ஃபாவுஸ்தோவ எதிர்ல உக்கார வச்சு, அவன் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கறேன். போதுமா?"

காசில்தா மில்லை நிறுத்தினாள். அந்த மில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"எங்க வச்சுக் கேப்பீங்க?"

"உன் வீட்லதான். வேற எங்க?"

"எங்க வீட்ல அவன யாரும் திருடன்னு சொல்லலயே, தலைவரே. சொன்ன எடத்துல போய்க் கேளுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வான்கோழியும் கூடச் சேர்ந்து ஒரு குரல் கொடுத்தது.

"தலைவரா? என் பொண்ணு ஞானஸ்நானத்துலருந்து கொம்பாத்ரேன்னு கூப்பிட்ட வாயா இது?"

"அதே வாய்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "இங்க பாரு. ஊர்லயே யாருக்குத் தெரியாது அவன் எடுக்கலன்னு? தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு மேல ஏறணும்? நான் இப்ப தலைவன். நானே அங்க போய் நின்னு, தப்பாச் சொல்லிட்டேன்னா, பக்கத்து ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? எல்லைக் கல்லையும் தப்பாத்தான் சொல்லியிருப்பீங்கம்பான். மழை முடிஞ்சதும் எல்லைப் பேச்சு வருது. எனக்காகப் பேசல கொமாத்ரே, ஊருக்காகப் பேசறேன்."

அதில் பாதி நிஜம் என்று எனக்குத் தோன்றியது. அவர் பயந்தது தன் பெயருக்கு மட்டும் இல்லை.

காசில்தா கைகளில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள்.

"அங்க இப்ப ஒரு பொய் நிக்குது" என்றாள். "அது பக்கத்துல நிக்கிற நெசத்த மட்டும் எவன் நம்புவான்? நீங்க அத இறக்குங்க. அப்புறம் வான்கோழியக் கொண்டு வாங்க, நானே உரிச்சு மோலே பண்றேன்."

மில்லைத் திரும்ப ஓட்டினாள். பேச்சு முடிந்தது.

அன்று மாலை வான்கோழி தோன் அபுந்தியோ வீட்டு வாசலில் கட்டியிருந்தது. மறுநாள் மறுபடி மில் வாசலில். அதற்கு மறுநாள் மறுபடி அவர் வீட்டு வாசலில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்து நடந்தே அது இளைத்துப்போனது. மில் வரிசையில் ஒருத்தி, "அவங்க வீட்டுச் சோளத்த அரைக்காம விடேன், ஒரே நாள்ல வழிக்கு வந்துருவாரு" என்றாள். காசில்தா அவளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "மாவு என்ன பண்ணுச்சு? நியேவெஸ் என்ன பண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் வேறொன்று செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்துக்கு வந்தாள்.

ஞாயிறு மாலை ஜெபம் முடிந்ததும் நாங்கள் மண்டபத்தில் ஏறி வாசிக்கத் தொடங்குவோம். ஊர் எங்களைச் சுற்றி நடக்கும். பெண்கள் உள்வட்டத்தில், வலமாக. ஆண்கள் வெளிவட்டத்தில், எதிர்ப்பக்கமாக. தலைவர் பட்டுநாடா கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு ஆண்களை நடத்திப் போவார். கல்யாணம் ஆகாதவர்கள் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். இப்போது எல்லாரும்தான் நடக்கிறார்கள். இரண்டு வட்டமும் எதிரெதிராகப் போவதால், எதிர்வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு சுற்றில் இரண்டு தடவை பார்த்தே தீர வேண்டும். ஆசைப்பட்டவர்களுக்கு அது போதாது. வேண்டாதவர்களுக்கு அது மிக அதிகம்.

ஒவ்வொரு தடவை எதிரே வரும்போதும் காசில்தா தோன் அபுந்தியோவைப் பார்த்து ஒன்றே ஒன்றைச் சொல்வாள். சத்தம் போட மாட்டாள். நிற்கவும் மாட்டாள்.

"மேல ஏறுங்க, தலைவரே."

முதல் ஞாயிறு அவர் சிரித்தார். அடுத்த ஞாயிறு தொப்பியை இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வரும் நேரம் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரிடம் பயிர், மழை என்று எதையாவது பேசத் தொடங்கினார். அவள் மாறவில்லை. அதே சொல், அதே குரல். ஈஸ்டர் போனது, மழை தொடங்கியது, அவள் வந்துகொண்டே இருந்தாள். மேலே உட்கார்ந்து கிளாரினெட்டை ஊதிக்கொண்டே நான் அவள் உதடு அசைவதைப் பார்ப்பேன். ஒரு மனுஷியால் ஒரே வாக்கியத்தை எவ்வளவு நாள் சுமக்க முடியும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஃபாவுஸ்தோவுக்குத்தான் பொறுக்கவில்லை. மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள் நான் மில்லுக்குப் போனபோது அவன் முற்றத்தில் உட்கார்ந்து பைக்குப் புது வார் தைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"வடக்க. சித்தி பையன் கூட்டிட்டுப் போக ஆள் ஏற்பாடு பண்ணிட்டான். திங்கக்கிழமை முதல் பஸ்."

"திருவிழாவுக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லையே."

"அதான் போறேன்" என்றான். "நீங்க எல்லாம் மேல உக்காந்து வாசிப்பீங்க. நான் இங்க உக்காந்து கேக்கணுமா? போன ஞாயிறு ஒரு எடத்துல நீங்க எல்லாரும் நிறுத்தினீங்க தெரியுமா? ரெண்டாவது வால்ஸ் பாட்டுல. அங்க நான் தனியா ஊதணும். அந்த எடத்துல நீங்க எல்லாம் சும்மா இருந்தீங்க. எனக்கு அது இங்க கேட்டுச்சு."

எங்களுக்கும் கேட்டது என்று சொல்ல நினைத்தேன்.

மில்லுக்குள்ளிருந்து காசில்தா வந்தாள். தம்பியின் கையிலிருந்த பையை வாங்கி, தையலை இழுத்துப் பார்த்தாள். அவன் சரியாகத்தான் தைத்திருந்தான்.

"அக்கா, நீயும் விட்டுரு" என்றான். "அவரு ஏற மாட்டாரு. நீ ஞாயித்துக்கிழமையெல்லாம் இப்படிச் சுத்துறது ஊருக்கே வேடிக்கையாயிருச்சு."

"இருக்கட்டும். சும்மாவா பாக்கறாங்க, பாட்டும் கேக்கறாங்கல்ல." பையைத் திருப்பிக் கொடுத்தாள். "போறதுன்னா போ. போகாதன்னு நான் சொல்லல. எத்தன பேரு போகல? ஆனா அவங்க எல்லாம் தெருவே கூட வந்து வழியனுப்பப் போனாங்க. கட்டிப்பிடிச்சாங்க, ரொட்டி கட்டிக் குடுத்தாங்க, பஸ் வளைவுல திரும்பற வரைக்கும் கை ஆட்டினாங்க. நீ இருட்டுல பதுங்கிப் போகக் கூடாது. இந்த ஊர்லருந்து ஒரு திருடன் வடக்க போனான்னு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான இருக்கு."

"ஒண்ணு இருக்குல்ல."

சனிக்கிழமை காலை, தோன் அபுந்தியோவின் மனைவி தோன்யா நியேவெஸ் வாளியோடு வரிசையில் வந்து நின்றார். அவர் முறை வந்தபோது காசில்தாவின் பக்கம் குனிந்தார். குனிந்தாரே தவிர, மில் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ரகசியம் எல்லாருக்கும் கேட்டது.

"கொமாத்ரே, நாளைக்கு அவரு வரலையாம்! முழங்கால் வலியாம்!"

"தலைவர் இல்லாம ஆம்பளைங்க எப்படி நடக்கத் தொடங்குவாங்க?"

"அதத்தான் நானும் கேட்டேன்! 'சரி, நீங்க படுங்க, கோல நான் தூக்கிட்டுப் போய் ஆம்பளைங்கள நடத்தறேன்'னேன். அதோட முழங்கால் சரியாயிருச்சு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. காசில்தா சிரிக்கவில்லை. ஆனால் தோன்யா நியேவெசின் மாவை அன்றைக்கு இரண்டாவது தடவையும் ஓட்டி, பட்டுப்போல அரைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு மதியம் மழை பெய்து விட்டிருந்தது. லாரல் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கரும்பறவைகள் கூட்டமாக வந்து அடையும் நேரம். அவற்றின் கூச்சல் அடங்குவதற்காக மாஸ்டர் லீபோரியோ குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அடங்கவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு நடைப்பாட்டு மார்ச்சைத் தொடங்கினார்.

தோன் அபுந்தியோ வந்திருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை, கையில் கோல். கோலுக்கு ஒரு விதி உண்டு. அது சதுக்கத்துக்கு வந்துவிட்டால், பேண்டு கடைசிப் பாட்டை முடிக்கும் வரை சதுக்கத்தை விட்டுப் போகக் கூடாது. கோலைப் பிடித்திருப்பவரும் போகக் கூடாது. உட்காரவும் கூடாது.

முதல் சந்திப்பு தேவாலயத்து மூலையில். காசில்தாவின் உதடு அசைந்தது. அவர் மரத்தைப் பார்த்தார். அடுத்தது சந்தைப் பக்கம். அவர் வானத்தைப் பார்த்தார். மார்ச் முடிந்து முதல் வால்ஸ் தொடங்கியது. மூன்றாவது, நான்காவது. என்றைக்கும் இல்லாமல் அன்றைக்கு அவள் வேகமாக நடந்தாள். அதனால் சந்திப்புகள் சீக்கிரம் சீக்கிரமாக வந்தன. அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் அவளோடு ஈடுகொடுக்க வேகமாக நடந்தார்கள்.

அப்போதுதான் தோன் அபுந்தியோ அதைச் செய்தார். எதிரே அவள் வருவதைக் கண்டதும், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், கோலை ஊன்றி அப்படியே திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார். பெண்கள் நடக்கும் திசையில்.

எங்கள் ஊரில் ஆண் பிள்ளை நடக்கப் பழகும்போதே எந்தப் பக்கமாக நடப்பது என்று பழகிவிடுகிறான். குடித்துவிட்டு விழுந்தவனும் எழுந்து சரியான பக்கம்தான் நடப்பான். தலைவர் திரும்பியதும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விழித்தார்கள். ஏதோ காரணம் இருக்கும் என்று அவர்களும் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண்களின் வட்டம் மொத்தமும் பெண்களோடு சேர்ந்து வலம் வந்துகொண்டிருந்தது.

"அடியே, ஆம்பளைங்க எல்லாம் நம்ம கூடவே வர்றாங்கடி!"

"தலைவரே, வாங்க வாங்க! பாவாடை வேணுமா? எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் இருக்கு!"

"வழி தவறிட்டாரா, புத்தி தவறிட்டாரா?"

எனக்குப் பின்னால் டியூபாக்காரர் வாத்தியத்துக்குள்ளேயே சிரித்துவிட்டார். அது பன்றி இருமியதுபோலக் கேட்டது. மாஸ்டர் லீபோரியோ, "நோட்டப் பாருங்க! எல்லாரும் நோட்டப் பாருங்க!" என்று பல்லைக் கடித்தார். அவரே கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோன் அபுந்தியோவின் கணக்கு சரிதான். ஒரே திசையில் ஒரே வேகத்தில் நடக்கும் இருவர் எந்நாளும் சந்திக்கப் போவதில்லை. அவர் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்போல.

காசில்தா நின்றாள். பின்னால் வந்த பெண்கள் அவள்மேல் மோதாமல் நின்றார்கள். அவள் எங்கள் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். என்னை இல்லை, என் பக்கத்தில் இருந்த நாற்காலியை. பிறகு திரும்பி, ஆண்களின் வழக்கமான திசையில் நடக்கத் தொடங்கினாள்.

எந்தப் பெண்ணும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அவள் பின்னால் முதலில் திரும்பியது தோன்யா நியேவெஸ். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? உள்வட்டம் மொத்தமும் திரும்பியது. இப்போது பெண்கள் இடமாக, ஆண்கள் வலமாக. எல்லாம் தலைகீழ். ஆனால் எல்லாம் பழையபடி.

தபால் ஆபீஸ் பக்கம் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள்.

"மேல ஏறுங்க, தலைவரே."

தோன் அபுந்தியோவின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. அவர் சுற்றிலும் பார்த்தார். இந்தப் பக்கம் போனாலும் அவள் வருவாள். அந்தப் பக்கம் போனாலும் வருவாள். உட்காரக் கூடாது. வீட்டுக்குப் போகக் கூடாது. சுற்றாத இடம் ஒன்றுதான் அங்கே இருந்தது. இரண்டு வட்டங்களையும் வெட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தார். என் பக்கத்துப் படிகளில் கனத்த மூச்சு கேட்டது.

அவர் வந்தது பேண்டை நிறுத்தச் சொல்லத்தான். கடைசிப் பாட்டை இப்போதே வாசித்து முடித்தால் கோலோடு வீட்டுக்குப் போகலாம். வழக்கமாக அதற்குக் காவல்காரனை அனுப்புவார்கள்; அவன் படிக்கட்டின் அடியில் நின்றே சொல்லிவிட்டுப் போவான். தலைவர் தானாக ஏறி வருவதில்லை. அவசரத்தில் அதை மறந்துவிட்டார். மறப்பது அவருக்கு இது இரண்டாவது தடவை.

"லீபோரியோ," என்று மூச்சிரைத்தார், "போதும், முடிச்சுரு..."

மாஸ்டர் லீபோரியோ ஏற்கெனவே குச்சியை இறக்கிவிட்டிருந்தார். பேண்டில் இல்லாத ஒருவர் கடைசிப் படியைத் தாண்டி மேடையில் கால் வைத்தால் பாட்டு பாதியில் நிற்கும். நாங்கள் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நிற்போம். கீழே நடப்பவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். ஏறியவர் பேச வேண்டும். பேசாமல் இறங்கியவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

கரும்பறவைகள்கூட அடங்கிவிட்டிருந்தன. மரத்திலிருந்து தகரக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அவ்வளவு மனிதர்கள் ஒன்றாகச் சும்மா இருக்கும்போது அந்தச் சும்மாவுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. தோன் அபுந்தியோ கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். என் கிளாரினெட்டின் கட்டைகள் விரலுக்குக் கீழே ஈரமாக இருந்தன.

"தண்ணிக் குழாய்..." என்றார் கடைசியில். தொண்டையைச் செருமினார். "மேட்டுத் தெருவுக்குப் போற தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கு. புதன்கிழமை எல்லாரும் மண்வெட்டியோட வந்துருங்க."

"கேட்டோம்" என்றது சதுக்கம். அப்படி மெலிந்த "கேட்டோம்" அதற்கு முன் நான் கேட்டதில்லை. மேட்டுத் தெருக்காரர்களே வாய் திறக்கவில்லை.

அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. வழக்கப்படி இனி இறங்கலாம். படிக்குத் திரும்பினார். படியின் அடியில் காசில்தா நின்றிருந்தாள்.

வழி மறிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"இறங்குங்க, கொம்பாத்ரே" என்றாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டேன். "பாத்து, படி ஈரமா இருக்கு. நாளைக்கு ஃபாவுஸ்தோ போயிருவான். ஆனா நான் இங்கதான் இருப்பேன். அடுத்த ஞாயிறு வருவேன். நீங்க கோல எறக்கி வச்ச பிறகும் வருவேன். உங்க சவப்பெட்டியத் தூக்கிட்டு இந்த மண்டபத்த ஒரு சுத்து சுத்துவாங்கல்ல, அன்னைக்கும் நான் எதிர்ப்பக்கமா வருவேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அதில் கோபம் இல்லை. சோளம் எப்போது அரைபடும் என்று சொல்கிற குரல்.

தோன் அபுந்தியோ முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். அந்தக் கால் அடுத்த படிக்குப் போகவில்லை. அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. கடைசியில் அந்தக் கால் திரும்ப மேலே வந்தது. அவர் என்னைக் கடந்து ஃபாவுஸ்தோவின் நாற்காலிக்குப் போனார். கோலைப் பக்கத்தில் இருந்த கம்பியில் சாய்த்து வைத்தார். இரண்டு கையாலும் பொம்பார்தீனோவைத் தூக்கிக்கொண்டு, குழந்தையை ஞானஸ்நானத்துக்கு ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, கம்பியோரம் வந்து நின்றார்.

"இத ஃபாவுஸ்தோ எடுக்கல" என்றார். குரல் உடைந்து, மறுபடி சரியானது. "நான்தான் பஸ்ல ஏத்தி அனுப்பினேன். குடிச்சிருந்தேன், மறந்துட்டேன். மறந்துட்டு, இதே எடத்துல நின்னு அவன் பேரச் சொன்னேன். அந்தச் சொல்ல இதே எடத்துல நின்னு எடுத்துக்கறேன். எல்லைக் கல்லப் பத்தி இங்க சொன்னது நெசம். ஃபாவுஸ்தோவப் பத்தி நான் சொன்னது பொய். ரெண்டையும் கேட்டுக்கங்க."

"கேட்டோம்!"

மரங்களிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிக் கூரைக்கு மேல் சுழன்றன. இந்தத் தடவை என் வாயிலிருந்து வந்த சொல்லை நான் தெரிந்தே சொன்னேன்.

மாஸ்டர் லீபோரியோ குச்சியைத் தூக்கினார். இரண்டாவது வால்ஸ் என்றார். வட்டங்கள் எந்தப் பக்கமாக நடப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு பெண்கள் வலமாக, ஆண்கள் எதிராக, பழைய வழிக்கு வந்தார்கள். காசில்தா இன்னும் ஒரு முழுச் சுற்று நடந்தாள். தோன் அபுந்தியோ கோலோடு எதிரே வந்தார். அவர் தொப்பியைத் தொட்டார். அவள் தலையசைத்தாள். பிறகு இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டாள்.

வால்ஸில் அந்த இடம் வந்தபோது நாங்கள் நிறுத்தினோம். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அது ஃபாவுஸ்தோவின் இடம். அவனுக்காகச் சும்மா இருந்தோம்.

திங்கட்கிழமை விடியும்போது வாளியோடு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மில் வாசலில் வான்கோழி கட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு கிண்ணத்தில் தீனி. அதை இனித் திருப்பி அனுப்பப் போவதில்லை என்று புரிந்தது. வான்கோழிக்குத்தான் அது புரியவில்லை. நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது.

யாரும் ஃபாவுஸ்தோவைப் பற்றிக் கேட்கவில்லை. காசில்தாவும் தலை நிமிரவில்லை. சதுக்கத்தில் முதல் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

மில்லின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பின்முற்றத்திலிருந்து, தாழ்ந்த, நீளமான ஒரு சுரம். பிசிறியது. நின்றது. மறுபடி அதே சுரம். பல மாதம் ஊதாத உதடு. ராத்திரியே அவன் போய் அறைச் சாவியை வாங்கிக் குழலை எடுத்து வந்திருக்க வேண்டும்.

ஹாரன் இரண்டாவது தடவை, நீளமாக அடித்தது. காசில்தாவின் கை மாவில் அப்படியே நின்றது. முற்றத்தில் சுரம் நின்றது. பஸ் கியர் மாற்றி, உறுமி, மலை வளைவில் தேய்ந்து மறைந்தது.

சுரம் மறுபடி தொடங்கியது. இன்னும் பிசிறிக்கொண்டுதான் இருந்தது.

"திருவிழா முடியட்டும்னான்" என்றாள் காசில்தா, யாரையும் பார்க்காமல். "அப்புறம் போவானோ இருப்பானோ, அவன் பாடு." என் வாளிக்குள் கையை விட்டு ஒரு சோளத்தை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "ஒதீலியா, இது வேகவே இல்ல. நேத்து ராத்திரி எங்க கவனத்த வச்சுக்கிட்டு அடுப்பு மூட்டின? கொண்டு போ. நல்லா வேக வச்சு எடுத்துட்டு வா, அரைச்சுத் தர்றேன்."